தற்குறிகள் எழுதிய வரலாறு

1863 ஜூன் 2. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். தென் கரோலினாவின் கொம்பாஹீ ஆற்றங்கரை. நெல் வயல்களில் விடியும் முன்பே வேலை தொடங்கியிருந்தது. களை கொத்திக்கொண்டிருந்த அடிமைகள், ஆற்றின் வளைவில் நீராவிப் படகுகளின் புகையைப் பார்த்ததும் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். வந்திருப்பது வடக்குப் படை, படகில் நிற்பவர்கள் தங்களைப் போன்ற கறுப்பர்கள் என்று தெரிந்ததும் ஓடியவர்கள் எல்லாம் கரைக்குத் திரும்பினார்கள். ஒரு பெண் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பானையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் முதுகில் தொற்றியிருந்த குழந்தை ஒரு கையால் அம்மாவின் நெற்றியைப் பிடித்தபடி, மறு கையைப் பானைக்குள் விட்டுச் சோறு அள்ளித் தின்றது.

இந்தக் காட்சியைப் பிற்காலத்தில் சொன்னவர் ஹேரியட் டப்மன். அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பிப் போய்ப் பிறரையும் மீட்டு வந்தவர். அந்த விடியலில், படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரியோடு படகில் இருந்தார். கரையின் நிலவரத்தை உளவறிந்து கொடுத்ததும் அவரும் அவருடைய ஆட்களும்தான். ஆற்றில் வந்த சிப்பாய்கள் இரண்டாம் தென் கரோலினா தன்னார்வப் படையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள். நெல் ஆலைகளுக்குத் தீ வைத்தார்கள், மதகுகளைத் திறந்து வயல்களை மூழ்கடித்தார்கள். படகுகள் திரும்பியபோது 756 பேர் விடுதலை பெற்றிருந்தார்கள். அவர்களில் சுமார் 150 ஆண்கள் உடனே அதே படையில் சேர்ந்தார்கள்.

பானையைச் சுமந்த அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர்? அந்த 756 பேருக்கும் என்ன பெயர்?

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பத்திரிகைகள் எண்ணிக்கையை எழுதின, ராணுவமும் எண்ணிக்கையை எழுதியது. பெயர்களைக் கண்டெடுத்தவர் எட்டா ஃபீல்ட்ஸ்-பிளாக். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கும் பேராசிரியர். மேற்கு ஆப்பிரிக்க நெல் உழவர்களைப் பற்றி முன்பே ஒரு நூல் எழுதியவர். தென் கரோலினாவின் உப்பங்கழிச் சேற்றில் நெல் விளைவிக்கும் அறிவு ஆப்பிரிக்கர்களோடு கப்பலேறி வந்தது என்பதை நெடுநாள் ஆராய்ந்தவர். அவருடைய ஐந்தாம் தலைமுறைப் பாட்டனார் ஹெக்டர் ஃபீல்ட்ஸ் அந்த இரண்டாம் தென் கரோலினாப் படையின் சிப்பாய். கொம்பாஹீயில் இறங்கியவர்களில் ஒருவர். அந்தப் பாட்டனைத் தேடிப் போன பேத்தி, ஆற்றங்கரை மக்கள் அத்தனை பேரின் வரலாற்றோடு திரும்பினார். 2024இல் வெளியான ‘கோம்பி’ என்ற அந்த நூலுக்கு 2025இல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

அவர் தேடிய இடம் பென்ஷன் ஆபீஸ் கோப்புகள்.

சுவருக்கு அப்பால்

தமிழில் பாட்டனுக்கு மேலே பூட்டன், அவருக்கு மேலே ஓட்டன், அதற்கும் மேலே சேயோன் என்று முறைச்சொல் இருக்கிறது. சொல் இருக்கிறதே தவிர, பூட்டனின் பெயரைக் கேட்டால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் நிலை இதைவிடக் கொடியது. மறந்துபோனதால் வந்த இழப்பு என்றால் ஆறுதலாவது சொல்லலாம். அங்கே எழுதவேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் என்று வரிசையாக இருக்கும். இந்த மாட்டுக்கு இத்தனை பல் என்று சந்தையில் எழுதுவதுபோல. விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு முதன்முதலில் பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். வேரைத் தேடுபவர்கள் 1870ஐச் ‘சுவர்’ என்று சொல்வது இதனால்தான்.

அந்தச் சுவரில் விழுந்த ஒரு துளை, ராணுவ ஓய்வூதியம்.

உள்நாட்டுப் போரில் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் பணியாற்றினார்கள். கடற்படையில் இன்னும் 19,000 பேர். ஏறத்தாழ 40,000 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய். 1862 ஜூலை 14ஆம் தேதிச் சட்டப்படி, போரில் முழுமையாக முடமான சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். அவன் இறந்தால் விதவைக்கு அதே 8 டாலர். 1890இல் சட்டம் தளர்ந்தது. தொண்ணூறு நாள் பணியாற்றி நல்லபடியாக விடுவிக்கப்பட்டிருந்தால் போதும், உடல் நலிவுக்குப் போர்தான் காரணம் என்று காட்டவேண்டியதில்லை. 1893 வாக்கில் ஓய்வூதியம் பெறுவோர் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். மத்திய அரசின் மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போனது.

இத்தனை பேருக்குப் பணம் கொடுக்கும் அரசு, இத்தனை பேரிடமும் சாட்சி கேட்டது. அந்தச் சாட்சிதான் இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் செல்வம்.

கல்யாணத்துக்கு என்ன ஆதாரம்?

விதவை முதலில் நிரூபிக்கவேண்டியது, தான் விதவை என்பதை. அதாவது, தனக்கு முறையாகத் திருமணம் நடந்தது என்பதை. அடிமைகளின் திருமணத்தைத் தென் மாநிலச் சட்டம் எதுவும் ஏற்கவில்லை. பதிவேடு இல்லை, சான்றிதழ் இல்லை. தோட்டத்து உடைமையாளர் நினைத்தால் கணவனை ஒரு மாநிலத்துக்கும் மனைவியை இன்னொரு மாநிலத்துக்கும் விற்கலாம்.

இந்த நிலை மாறக் காரணம் ஒரு படுகொலை. 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் கறுப்புச் சிப்பாய்கள் சரணடைந்த பின்னும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோட்டையின் தளபதி மேஜர் பூத்தும் அன்று இறந்தார். அவர் வெள்ளையர். அவர் மனைவி அதிபர் லிங்கனைப் போய்ப் பார்த்தார். தனக்காக மட்டும் அவர் பேசவில்லை. தன் கணவரின் கீழ் நின்று மடிந்த கறுப்புச் சிப்பாய்களின் மனைவிமாருக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டார். மே 19ஆம் தேதி லிங்கன் செனட்டர் சார்லஸ் சம்னருக்கு ஒரு கடிதம் எழுதி அந்த அம்மாளிடமே கொடுத்தனுப்பினார். சட்டப்படித் திருமணம் இல்லாவிட்டாலும் நடைமுறையில் மனைவியாகவும் மக்களாகவும் வாழ்ந்தவர்களைச் சட்டப்படியானவர்களாகவே நடத்தவேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஜூலையிலேயே சட்டம் திருத்தப்பட்டது. கணவனும் மனைவியுமாக ஊரறிய வாழ்ந்ததைச் சாட்சி சொல்லி நிறுவினால் போதும் என்றானது. 1866இல் இன்னும் தளர்த்தப்பட்டது.

‘ஊரறிய’ என்றால் ஊரைத்தான் அழைக்கவேண்டும். ஒரு விதவையின் எட்டு டாலருக்காகப் பக்கத்துக் குடிசைக்காரர், அதே தோட்டத்தில் வளர்ந்தவர், பிள்ளைப்பேறு பார்த்தவர், ஒரே கூடாரத்தில் படுத்த தோழன் என்று பலர் வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் பென்ஷன் அலுவலகம் சிறப்பு விசாரணையாளரை ஊருக்கே அனுப்பும். அவர் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார். எங்கே பிறந்தாய், யாருக்குச் சொந்தமாக இருந்தாய், யார் யாருக்கு விற்றார், உன் பெற்றோர் யார், கூடப் பிறந்தவர்கள் எங்கே, முன்பு யாரோடு வாழ்ந்தாய், அவன் என்ன ஆனான், திருமணத்தன்று யார் யார் இருந்தார்கள்?

கேட்டவர் நோக்கம் மோசடியைத் தடுப்பது. பதில் சொன்னவர் நோக்கம் மாதம் எட்டு டாலர். இருவருக்குமே தெரியாமல் அங்கே ஒரு வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. முன்னாள் அடிமைகளின் நினைவுகளை அரசே திரட்டிய பணி 1930களில்தான் நடந்தது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் அடிமைக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள். பென்ஷன் விசாரணையில் பேசியவர்களோ அடிமையாகவே உழைத்து, அடிமையாகவே மணந்து, பிள்ளையை விற்பனைக்குப் பறிகொடுத்தவர்கள். ஒரு தலைமுறை முந்திய குரல்.

அதே விசாரணை எவ்வளவு கொடுமையாகவும் இருந்தது என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. 1882இல் வந்த சட்டப்படி, விதவை வேறொருவரோடு வாழ்கிறாள் என்று தெரிந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். அதைத் துப்பறியவும் அதிகாரிகள் வந்தார்கள். அண்டை வீட்டாரிடம் ஒரு பெண்ணின் படுக்கையைப் பற்றிக் கேட்டு எழுதினார்கள். இன்று அவள் கொள்ளுப்பேத்தி அந்தக் காகிதத்தைத் திறக்கும்போது, பாட்டியின் குரலோடு பாட்டி பட்ட அவமானமும் சேர்ந்தே கைக்கு வருகிறது.

சிப்பாய் உயிரோடு இருந்தால் அவன் உடம்பே சாட்சி. மருத்துவக் குழு அவனை நிறுத்தி, உயரம், எடை, நாடித்துடிப்பு அளந்து, தழும்பு எங்கே, வீக்கம் எங்கே என்று எழுதும். அச்சிட்ட படிவத்தில் மனித உருவத்தின் முன்புறமும் பின்புறமும் வரைந்திருக்கும். அதில் காயம் பட்ட இடத்தைக் குறிப்பார்கள். புகைப்படமே இல்லாத ஒரு மனிதனின் உடலை இவ்வளவு நெருக்கமாக அறிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 1898இல் ஓய்வூதியம் பெற்ற சிப்பாய்களுக்கு ஒரு கேள்வித்தாள் போனது. மனைவியின் பெயர், அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர், திருமணம் எங்கே, நடத்திவைத்தவர் யார், உயிரோடிருக்கும் பிள்ளைகள் யார், எப்போது பிறந்தார்கள்? ஒரே தாளில் ஒரு குடும்ப மரம். 1907 முதல் வயதை வைத்தே ஓய்வூதியம் என்று வந்ததும் புதிய சிக்கல். 62 வயதுக்கு 12 டாலர், 70க்கு 15, 75க்கு 20. பிறந்த தேதியை எவரும் எழுதிவைக்காத மனிதனிடம் வயதுக்கு ஆதாரம் கேட்டது அரசு.

முடிவில் எல்லாருக்கும் ஒரே அளவுகோலா என்றால், இல்லை. இந்தக் கோப்புகளை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டொனால்ட் ஷாஃபரின் கணக்குப்படி, விண்ணப்பித்த வெள்ளைச் சிப்பாய்களில் 92 சதவீதத்தினருக்கு எப்போதாவது ஓய்வூதியம் கிடைத்தது. கறுப்புச் சிப்பாய்களில் 75 சதவீதத்தினருக்கே கிடைத்தது. எழுத்தறிவு இல்லாமை, காகிதம் இல்லாமை, தொலைவு, இடைத்தரகர்கள், அதிகாரிகளின் அவநம்பிக்கை எல்லாம் சேர்ந்து செய்த வேலை.

தலைவிக்கும் அதே வரிசை

கொம்பாஹீயில் படகில் நின்ற டப்மனும் பிறகு இந்த வரிசையில் நின்றார். போரில் உளவு பார்த்ததற்கும் படைக்கு வழிகாட்டியதற்கும் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. அவருக்கு வழி திறந்தது இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் மூலம். எட்டாம் கறுப்பினக் காலாட்படையில் பணியாற்றியவர், டப்மனை 1869இல் மணந்தவர், 1888இல் காசநோயில் இறந்தவர். 1890 சட்டம் வந்ததும் டப்மன் விதவையாக விண்ணப்பித்தார். நெல்சன் படையில் சேர்ந்தது நெல்சன் சார்லஸ் என்ற பெயரில். சார்லஸும் டேவிஸும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. முதல் கணவர் ஜான் டப்மன் இறந்துவிட்டார் என்பதற்கும் சாட்சி வேண்டியிருந்தது. ஐந்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1895இல் மாதம் 8 டாலர் அனுமதியானது.

தன் சொந்தப் பணிக்காக அவர் கேட்டது 1,800 டாலர். மருத்துவமனையில் செவிலியாகவும் சமையல்காரியாகவும் இருந்தேன், எட்டு ஒன்பது ஒற்றர்களுக்குத் தலைமை தாங்கினேன் என்று 1898இல் வாக்குமூலம் கொடுத்தார். 1899இல் நாடாளுமன்றம் அவருக்கென்றே ஒரு சட்டம் இயற்றி ஓய்வூதியத்தை 20 டாலராக உயர்த்தியது. செவிலிப் பணிக்காக என்று காரணம் எழுதியது. ஒற்றர் தலைவி என்று எழுத மனம் வரவில்லை. 1913இல் அவர் இறந்தார். 2003இல் நாடாளுமன்றம் விடுபட்ட தொகையை ஈடுசெய்வதாகச் சொல்லி, அவர் பெயரில் அமைந்த இல்லத்துக்கு 11,750 டாலர் ஒதுக்கியது.

எழுதப் படிக்கத் தெரியாத டப்மனின் கையெழுத்து ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் இன்னாருடைய குறி என்று வேறொருவர் எழுதியிருப்பார், சாட்சிகள் ஒப்பமிட்டிருப்பார்கள். நம் பழைய பத்திரங்களில் இதற்கு ‘தற்குறி’ என்று பெயர். தன்னுடைய குறி. அந்த அருமையான சொல்லை நாம் வசையாக்கிவிட்டோம். அமெரிக்கப் பென்ஷன் கோப்புகளில் கறுப்பினச் சிப்பாய்கள், விதவைகள் பெரும்பாலோரின் ஒப்பம் தற்குறிதான். அந்தக் குறிகள்தான் இன்று பேசுகின்றன.

அடுத்தவன் கோப்பில் உன் பாட்டன்

போர்வீரர் ஓய்வூதிய அலுவலகத்துக்காக வாஷிங்டனில் 1887இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் மாளிகை இன்றும் இருக்கிறது, இப்போது கட்டடக்கலை அருங்காட்சியகமாக. வடிவமைத்தவர் ஜெனரல் மான்ட்கோமரி மெய்க்ஸ். வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சுடுமண் சிற்பப் பட்டை. காலாட்கள், குதிரைகள், பீரங்கிகள், காயம்பட்டவர்கள் என்று ஒரு படையே நடந்துகொண்டிருக்கும். கோப்புகள் வாஷிங்டனின் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறிவிட்டன.

தேடுபவருக்கு முதலில் கிடைப்பது ஒரு சுட்டு அட்டை. சிப்பாய் பெயர், படைப்பிரிவு, விண்ணப்பித்த தேதி, விண்ணப்ப எண், அனுமதியானால் சான்று எண். விதவைக்குத் தனி வரி, சிறார்க்குத் தனி வரி. அனுபவம் இல்லாதவர் இடறுவது இங்கேதான். விதவைக்கு ஓய்வூதியம் கிடைத்திருந்தால் கணவனின் கோப்பு அவளுடைய எண்ணுக்குள் போய்விடும். கணவன் எண்ணைச் சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடு திரும்பவேண்டும். படையில் ஒரு பெயர், விடுதலைக்குப் பின் வேறு பெயர் என்று இருந்தால் இரண்டிலும் தேடவேண்டும். பெரும்பாலான கோப்புகள் இன்னும் மின்னுருவாகவில்லை. மூன்றாக மடித்த தாள்கள், அந்தக் காலத்தில் கட்டிவைத்த சிவப்பு நாடா. அலுவலகத் தாமதத்துக்கு நாம் உவமையாகச் சொல்லும் அதே நாடா, அங்கே நிஜத் துணியாகக் கையில் அவிழ்கிறது.

ஃபீல்ட்ஸ்-பிளாக்கின் பணியில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. அவர் தன் பாட்டனின் கோப்போடு நிற்கவில்லை, அந்தப் படைப்பிரிவில் இருந்தவர்களின் கோப்புகளை அடுத்தடுத்துப் படித்தார். ஏனென்றால் ஒருவருக்கு ஒருவர் சாட்சி. பக்கத்து வீட்டு விதவைக்காகப் பேச வந்தவர், முதலில் தான் யார் என்று சொல்லியாகவேண்டும். நான் இன்ன தோட்டத்தில் பிறந்தவன், இறந்தவனும் நானும் ஒன்றாக வளர்ந்தோம், கொம்பாஹீயிலிருந்து ஒன்றாகப் படகேறினோம். தன் வாழ்க்கையை அவர் விரிவாகச் சொன்னது தன் கோப்பில் இருக்காது. அடுத்தவன் கோப்பில் இருக்கும். இப்படிக் கிடைத்த பெயர்களைத் தோட்ட முதலாளிகளின் விற்பனைப் பத்திரங்கள், உயில்கள், சீதன ஒப்பந்தங்களில் உள்ள அடிமைப் பட்டியல்களோடு ஒப்பிட்டார். பட்டியலில் வெறும் முதல் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு ஊரும் உறவும் திரும்பக் கிடைத்தன. விலை போட்டு எழுதிய தாளும், விடுதலைக்குப் பின் அவர்களே பேசிய தாளும் அவர் மேசையில் முதன்முறையாக அருகருகே வந்தன.

உள்நாட்டுப் போரின் கடைசி ஓய்வூதியம் நின்றது எப்போது தெரியுமா? 2020இல். ஒரு சிப்பாயின் முதுமையில் பிறந்த மகள், மாதம் 73.13 டாலர் பெற்றுவந்தவர், அந்த ஆண்டு மே 31 அன்று இறந்தார். போர் முடிந்து 155 ஆண்டுகள்.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி

இதைப் படித்த பிறகு எனக்கு அப்பத்தாவின் நினைவு வந்தது. தாத்தா பட்டாளத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் சென்னைக் கோட்டையில் தொடங்கி, 1834 முதல் பெங்களூரில் நிலைகொண்ட அந்தப் படையில் இரண்டாம் உலகப் போரின்போது சேர்ந்தவர் என்பது மட்டும் வீட்டில் தெரியும். எந்த வருஷம், எப்படி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு அப்பத்தா வருஷத்துக்கு ஒருமுறை சார்நிலைக் கருவூலத்துக்குப் போய், தான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருவாள். கூட்டிப்போனவன் நான். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற தாளில் எழுபது வயதுக் கிழவி இடதுகைப் பெருவிரலை வைப்பதைப் பார்த்து அன்று எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. தாத்தாவின் நம்பரைப் பிசகாமல் ஒப்பிப்பாள். அவளுக்குத் தெரிந்த ஒரே எண் அது.

சென்ற தையில் அவள் தகரப்பெட்டியைத் திறந்தோம். ஓய்வூதியக் கொடுப்பாணை இருந்தது. நம்பர், பதவி, விடுவித்த தேதி, அங்க அடையாளம், தாடையில் ஒரு தழும்பு. சேர்ந்த கதை அதில் இல்லை. பெங்களூர் ஆவணப் பிரிவுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள் என்றால் வெலிங்டனுக்கு எழுதுவார்கள். எழுதும் முன்பு, ஃபீல்ட்ஸ்-பிளாக் காட்டிய வழியில் ஒரு முயற்சி செய்தேன். தெருக்கோடியில் இன்னொரு பட்டாளத்து வீடு உண்டு. அந்தத் தாத்தா முன்பே இறந்துவிட்டார். அவர் மனைவிக்கும் கல்யாணத்துக்குப் பத்திரிகையோ பதிவோ கிடையாது. பென்ஷனுக்குச் சாட்சி தேவைப்பட்டிருக்கும்.

அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சள் பையிலிருந்து அந்த மனுவின் நகல் வந்தது. இரண்டாம் பக்கத்தில் சாட்சி வாக்குமூலம். கீழே எங்கள் தாத்தாவின் கையெழுத்து. நீல மையில், நம்பரோடு. இறந்தவரும் தானும் 1942 வைகாசியில், மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருஷம், வீட்டில் சொல்லாமல் ஒன்றாக நடந்து போய்த் திருச்சியில் ஆள் எடுக்கும் இடத்தில் சேர்ந்ததாக எழுதியிருக்கிறார். தனக்கு அப்போது வயது போதவில்லை என்றும், இரண்டு வயது கூட்டிச் சொன்னதாகவும், கூட வந்தவர்தான் தனக்காகப் பேசினார் என்றும் இருக்கிறது. முதல் விடுப்பில் வந்தபோது அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாகத் தான் நின்றதாகவும் இருக்கிறது.

அந்த வீட்டு ஆத்தா தாளை என் கையில் கொடுத்துவிட்டு, படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை படித்தேன்.